மெழுகுதிரியை நூர்த்தது ஆர்?

டொறத்திக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டால் அதைப் போக்க அந்தோனியாரே இறங்கி வந்தாலும் ஏலாது. கடையில் வாங்குகிற முட்டைப் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு முட்டையையும் உருட்டிப் பார்க்காமல் கூடைக்குள் வைக்கமாட்டாள். பூசையில் பாதர் பிரசங்கத்தைக் கொஞ்சம் சுருக்கினால், "உவருக்கு இண்டைக்கு எங்கையோ விருந்து" என்று பக்கத்தில் இருப்பவளின் காதுக்குள் சொல்லுவாள். ஒருவர் அவளைப் பார்த்து வெறுமனே சுகம் விசாரித்துவிட்டுப் போனால் அன்று முழுக்க அவளுக்கு வேலை ஓடாது. சோழியன் குடுமி சும்மா ஆடுமோ?

பாவம், பிறவிக் குணம் என்றும் சொல்லமுடியாது. பேசாலையிலிருந்து கலியாணம் கட்டப் புறப்பட்ட பெட்டையை, "அடுத்தது பிராங்க்பேர்ட்தான் தங்கச்சி" என்று சிரித்துக்கொண்டே சொன்ன ஏஜென்சிக்காரன் மாஸ்கோவில் ஓர் அறைக்குள் விட்டுப் பூட்டிவிட்டுப் போனான். அந்த மாரிக் குளிர் முழுக்க அவள் அங்கேதான். ஒருவழியாக டோர்ட்மண்டுக்கு வந்து சேர்ந்தால், முதல் மாதமே இன்னொருவன் சிரித்துக்கொண்டு கதவைத் தட்டினான். நல்ல மனிசன் என்று நினைத்து அவன் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். அதற்குப் பிறகு இரண்டு வருசம் வேட்டை நாய்களைப் பற்றிய சஞ்சிகை ஒன்று விடாமல் தபாலில் வந்துகொண்டிருந்தது. டொய்ச் பாஷையில் ஒரு சொல் தெரியாத வீட்டில், நாயே இல்லாத வீட்டில்! அன்றோடு டொறத்தி சிரிக்கிற மனிசரை நம்புவதை விட்டாள்.

டோர்ட்மண்டில் ஓர் ஆஸ்பத்திரியில் இருபது வருசத்துக்கு மேல் துப்புரவு வேலை செய்தாள். கணவர் நெஞ்சுவலியில் போன பிறகு ஒற்றை மகன் கிறிஸ்ரியன்தான் உலகம். அவன் எர்லாங்கனில் பெரிய மின்னியல் கொம்பனி ஒன்றில் எஞ்சினியர். அங்கேயே ஆராய்ச்சி செய்த கோயம்புத்தூர்ப் பிள்ளை ரோஹிணியைக் கலியாணம் முடித்தான். எர்லாங்கனுக்கு வெளியே, ஒரு சின்ன ஊரில் பழைய பண்ணைவீடு ஒன்றையும் வாங்கினான். பின்னால் அப்பிள் தோட்டம், அதற்கும் பின்னால் ஒரு மண்மேடு. "அம்மா, வந்து எங்களோடை இருங்கோ" என்றான். எலி வளையானாலும் தனி வளை வேணும் என்று சொல்லித்தான் பார்த்தாள். ரோஹிணி வயிற்றில் பிள்ளை என்று தெரிந்ததும் அந்தப் பழமொழியை டோர்ட்மண்டிலேயே விட்டுவிட்டுப் பெட்டி கட்டினாள்.

நிலவறை கட்டுகிற யோசனை கிறிஸ்ரியனுடையது. உருளைக்கிழங்கு, கரட், பீற்றூட் என்று தோட்டத்தில் கண்டபாட்டுக்கு விளையும். அதையெல்லாம் மாரி முடியும்வரை கெடாமல் வைக்க மேட்டைக் குடைந்து ஓர் அறை. அந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் இருக்கிற மாதிரி. வெட்டத் தொடங்கிய நாளே அவன் கை கொப்பளித்துப் போய்விட்டது. அலவாங்கைப் பறித்தது டொறத்திதான். ஷெல் அடித்த காலத்தில் பங்கர் வெட்டிய கை அது. அதைப்பற்றி அவள் கதைக்கிறதில்லை. கதைக்கிறதற்கு அங்கே நேரமும் இல்லை, மண் அவ்வளவு கல்லாக இருந்தது.

இலைதுளிர் காலத்தில் தொடங்கிய வேலை கோடை முழுக்க இழுத்தது. வெய்யில் படாமல் வடக்குப் பார்த்த கதவு. பக்கச் சுவருக்கு மணற்கல். நிலத்துக்குச் சீமெந்து பூசாமல் வெறும் மண்ணாகவே விட்டார்கள். அந்த ஈரம் இருந்தால்தான் கரட் வதங்காதாம். கூரைக்குக் கொங்கிறீற், அதற்குமேல் தார்ச்சீலை, அதற்குமேல் மண்ணைப் போட்டுப் புல்லையும் பதித்தார்கள். எல்லாம் டொறத்திக்குச் சரிதான், அந்த இரண்டு குழாய்களைத் தவிர. ஒன்று கதவுக்குப் பக்கத்தில் நிலத்தோடு உள்ளே வந்தது. மற்றது கூரையைத் துளைத்து வெளியே போனது.

"தம்பி, கதவுக்குப் பூட்டும் போட்டு, ரெண்டு ஓட்டையும் விடுறியோ? உது ஆருக்கு?"

"அது காத்துப் போய்வர அம்மா. கிழங்கு மூச்சு விடும். பழைய காத்து வெளியாலை போகவேணும்."

"கிழங்கு மூச்சு விடுமோ?"

"ஓம் அம்மா."

தாயை விசரியாக்கப் பார்க்கிறான் என்று டொறத்தி நினைத்தாள். கிழங்கு மூச்சு விடுமாம். இனி மூக்கும் சிந்துமாக்கும்.

பக்கத்து வீட்டு ஹைன்லைன் கிழவர் வேறு. இவர்கள் வெட்டத் தொடங்கிய நாளிலிருந்து வேலிக்கு அந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். ஒன்றும் சொல்லமாட்டார், பார்ப்பார், தலையை ஆட்டுவார், போவார். கட்டிட அனுமதி கொடுக்கிற அரசாங்கக் கந்தோருக்குப் போய்ச் சொல்லத்தான் நோட்டம் விடுகிறார் என்று டொறத்தி அடித்துச் சொன்னாள். கந்தோரிலிருந்து ஒருவரும் வரவில்லை. இலையுதிர் காலத்தில் அப்பிள் பழுத்துக் கொட்டியபோது கிழவர்தான் வந்தார், ஒரு பெரிய பீப்பாயை உருட்டிக்கொண்டு. அப்பிளைப் பிழிந்து இதில் ஊற்றி நிலவறையில் வையுங்கள், தானாகப் புளித்து நல்ல அப்பிள் வைனாகும் என்றார். கிறிஸ்ரியனுக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். ஆடு நனையுதெண்டு ஓநாய் அழுததாம் என்று டொறத்தி முணுமுணுத்தாள். ஆனாலும் பிழிந்த சாறை வாளி வாளியாக நிலவறைக்குச் சுமந்தவளும் அவள்தான்.

இதற்குள் பேரன் பிறந்துவிட்டான். நிலவன் என்று பெயர் வைத்தார்கள். டொறத்தியின் பிரச்சினையும் அன்றுதான் பிறந்தது.

பிள்ளைக்கு ஞானஸ்நானம் எப்போது என்று கேட்டாள். கிறிஸ்ரியன் மனைவியைப் பார்த்தான். ரோஹிணி மெதுவாகத்தான் சொன்னாள்: "அத்தை, அவன் வளர்ந்து அவனே decide பண்ணட்டும். நாங்க எதுவும் பண்றதா இல்லை." அத்தையாம்! மாமியை மாமி என்று கூப்பிடத் தெரியாத பிள்ளை, அவளுடைய பேரனின் ஆன்மாவுக்குத் தீர்ப்பு எழுதுகிறாள். டொறத்தி அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. ஆனால் நெஞ்சு கொதித்தது. மூன்று தலைமுறையாகத் தலைமுறைக்கு ஒரே ஆண்பிள்ளை. தண்ணீர் படாமல், பெயர் சொல்லாமல், அஞ்ஞானியாக அவன் வளர்வதை அவளால் நினைக்கவே முடியவில்லை. ஒருவரும் பக்கத்தில் இல்லாதபோது பிள்ளையின் காதுக்குள் "அந்தோனி" என்று கூப்பிட்டுப் பார்ப்பாள். அவன் சிரிப்பான். அவன் சிரிப்பை மட்டும் அவள் சந்தேகப்படவில்லை.

சாகக் கிடக்கிற பிள்ளைக்கு ஆரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று சிறு வயதில் ஞானோபதேசத்தில் படித்திருக்கிறாள். சாகக் கிடக்காத பிள்ளைக்குக் கொடுக்கலாமா என்று அங்கே ஒருவரும் சொல்லித்தரவில்லை. கொடுக்கக்கூடாது என்பது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் தெரியாதவள் மாதிரி இருந்துவிட்டாள். லூர்துக்குப் போனபோது மாதா வடிவப் பிளாஸ்டிக் போத்தலில் கொண்டுவந்த தண்ணீர் அலுமாரியில் இருந்தது. வீட்டில் அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்திய அன்று முகட்டில் இருந்த புகைக் கருவி கத்து கத்தென்று கத்திப் பிள்ளையை எழுப்பிவிட்டது. "வீட்டுக்குள்ள வேண்டாமே அத்தை, ப்ளீஸ்" என்றாள் ரோஹிணி. நல்லதாகப் போயிற்று என்று டொறத்தி அந்தோனியாரைத் தூக்கிக்கொண்டு நிலவறைக்குப் போனாள். வெளி ஆட்களின் கண் படாமல், கிழங்குப் பெட்டிக்குப் பின்னால், நிலத்தோடு ஒட்டி ஒரு கல்லின்மேல் வைத்தாள். அங்கேதான் தண்ணீர் ஊற்றுவது. ஒரு செவ்வாய்க்கிழமை, அந்தோனியார் நாளில். பிள்ளையைக் கூடையோடு கொண்டுபோய்ச் சுரூபத்துக்கு முன்னால் நிலத்தில் வைத்து, கதவைச் சாத்திவிட்டு, மூன்று முறை ஊற்றினால் முடிந்தது. ஒரு குஞ்சுக்கும் தெரியவராது.

அதுவரைக்கும் மெழுகுதிரி எரியவேண்டும் என்று நேர்ந்துகொண்டாள். கல்லறைக்கு வைக்கிற, சிவப்புக் கூட்டுக்குள் எரிகிற மெழுகுதிரியாகப் பார்த்து வாங்கினாள். அது நாள்கணக்கில் எரியும், மழை பெய்தாலும் அணையாது, நூராது.

அது நூர்ந்தது.

முதல்தரம் பெரிதாக எடுக்கவில்லை. எல்லாம் அந்த நாசமாய்ப்போன குழாய்க் காற்று என்று, தன் பழைய நீலப் பாவாடையை இரண்டாகக் கிழித்து, கீழ்க் குழாயை ஒன்றால் அடைத்தாள். மேட்டில் ஏறிப் புல்லுக்குள் நின்ற மேல் குழாயையும் மற்றதால் இறுக்கி அடைத்தாள். திரும்பக் கொளுத்தினாள். அடுத்த நாள் போய்ப் பார்த்தால் மெழுகு நிறைய இருக்கிறது, திரி கறுப்பாகக் கிடக்கிறது. இப்போது காற்றுமில்லை. காற்றில்லை என்றால் ஆள்!

ஆள் ஆர் என்று யோசிக்க டொறத்திக்கு ஒரு நிமிசமும் தேவைப்படவில்லை. ரோஹிணியின் தாய் மல்லிகா பிள்ளைப்பேறு பார்க்கக் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தாள். வந்த நாள் தொடக்கம் சிரித்த முகம். அந்தச் சிரிப்பே போதாதா? இதற்குள் ஒருநாள் பிள்ளையைக் குளிப்பாட்டிவிட்டு நெற்றியில் விபூதியை மெல்லத் தொட்டு வைத்ததை டொறத்தி கதவிடுக்கால் கண்டுவிட்டாள். ஓகோ, தாய்க்காரி வேண்டாம் என்றது தண்ணீரை மட்டும்தானோ! இவள்தான் மகளின் காதில் ஓதி ஓதி ஞானஸ்நானத்தைக் கெடுத்தவள். இப்போது அந்தோனியாரோடும் வம்புக்குத் தனகுகிறாள்.

நேரே கேட்காமல் சுற்றி வளைத்துக் கேட்டாள்.

"சம்பந்தி, நீங்கள் நிலவறைக்குப் போனனீங்களோ?"

"ஆமாங்க, பீட்ரூட் எடுக்கப் போனேன். ஏனுங்க?"

"ஒண்டுமில்லை. அங்கை ஒரு மெழுகுதிரி வைச்சனான். அணைஞ்சு கிடக்குது."

மல்லிகா பதறிப்போனாள். "ஐயோ, நாங்க விளக்கை வாயால ஊதவே மாட்டமுங்க. பாவம். அணைக்கணும்னா பூவால ஒத்தி அமத்துவோம், அவ்வளவுதான்."

பார்த்தீர்களா, தானாகவே வந்து விழுந்தது! வாயால் ஊதவில்லை, பூவால் அமத்தியிருக்கிறாள். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன்களைப் பேசாலைக் கரையில் டொறத்தி எத்தனை கண்டவள்! அன்று பின்னேரமே நிலவறைப் படியில் கோதுமை மாவைத் தூவிவிட்டு வந்தாள். விடிந்ததும் மல்லிகாவின் செருப்பு அச்சு உள்ளே போய் வெளியே வந்திருந்தது. கரட் எடுக்கப் போனவளின் கால் படியில் பதியாமல் ஆகாயத்திலா பதியும்? அதையெல்லாம் கேட்கிற நிலையில் டொறத்தி இல்லை. மெழுகுதிரியும் நூர்ந்திருந்தது. அவளுக்கு அது போதும்.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று வந்தது. மல்லிகா எதையாவது மோப்பம் பிடித்துவிட்டாளோ? கொஞ்ச நாளாக அவள் பார்வை சரியில்லை. டொறத்தி பிள்ளையைத் தூக்கினால் பின்னாலேயே வருகிறாள். டொறத்தி தோட்டத்துப் பக்கம் போனால் குசினி யன்னலுக்கு வந்து நிற்கிறாள். பாம்பென்று தாண்டவும் ஏலாமல், பழுதையென்று மிதிக்கவும் ஏலாமல் டொறத்தி தவித்தாள். செவ்வாய்க்கிழமை ரோஹிணிக்கு டொக்டர் குறித்துக் கொடுத்த டெர்மீன் இருந்தது. அந்த நேரத்தை விட்டால் வேறு நேரம் கிடையாது. பிள்ளையோடு உள்ளே நிற்கும்போது மல்லிகா வந்து கதவைத் திறந்தால் மானம் போகும், மகன் போவான், பேரனைக் கண்ணாலும் காணமுடியாது. அதனால் முதலில் இவளைக் கையும் களவுமாகப் பிடிக்கவேணும். பிடித்து, உன் மகளிடம் சொல்லுவேன் என்று வெருட்டி வாயை அடைக்கவேணும்.

திங்கட்கிழமை மத்தியானம். கிறிஸ்ரியன் வேலைக்குப் போய்விட்டான். ரோஹிணி மேல்மாடியில் படுத்திருந்தாள், பிள்ளை கீழே தொட்டிலில் நித்திரை. மல்லிகா குசினியில் ஏதோ தாளித்துக்கொண்டிருந்தாள். டொறத்தி லூர்துப் போத்தலையும் எடுத்துக்கொண்டாள். நாளைக்கு வேண்டியது இன்றே அங்கே இருக்கட்டும் என்று. நிலவறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, மெழுகுதிரியைக் கொளுத்தினாள். கிழங்குப் பெட்டிகளுக்குப் பின்னால், கதவைத் திறக்கிறவளுக்குத் தெரியாதபடி நிலத்தில் குந்தினாள்.

பீப்பாயின் மூடியிலிருந்த சின்னக் குழாய் குளுக் குளுக்கென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. புளித்த அப்பிள் மணம். சிவப்புக் கூட்டுக்குள் மெழுகுதிரி நன்றாகத்தான் எரிந்தது. வா மகளே வா என்று கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கதவு அசையவில்லை. திரும்பி மெழுகுதிரியைப் பார்த்தால் சுடர் சுருங்கிக்கொண்டு வந்தது. ஒரு பயறளவு ஆனது. பிறகு திரியை விட்டு எழும்பி, ஒன்றுமில்லாமல் போனது.

ஒருவரும் வரவில்லை. ஒரு கையும் நீளவில்லை. காற்றும் இல்லை.

டொறத்தியின் தலைமயிர் குத்திட்டது. அந்தோனியாரே நூர்த்துவிட்டாரா? என்னைக் கண்டுவிட்டாரா? நெஞ்சு படபடவென்று அடித்தது. படி ஏறி ஓடி வந்தவள் மாதிரி மூச்சு வாங்கியது, இருந்த இடத்திலேயே. வாங்க வாங்கப் போதவில்லை. தலைக்குள் உலக்கை இடித்தது. எழும்பவேணும் என்று கையை ஊன்றினாள், கை மடங்கியது. மங்கள வார்த்தைச் செபம் சொல்லப் பார்த்தாள். "அருள் நிறைந்த" என்பதற்குப் பிறகு என்ன என்று தெரியவில்லை.

பிறகு அவளுக்குத் தெரிந்ததெல்லாம் வெளிச்சம், புல், வாயில் கசப்பு. யாரோ அவளுடைய அக்குளுக்குள் கை கொடுத்து இழுத்திருக்கிறார்கள். படியில் பட்டுக் குதிக்கால் உரிந்திருந்தது. மல்லிகாதான். சேலை அவிழ்ந்து கிடக்க, "யாராவது வாங்களேன்! ரோஹிணீ! யாராவது வாங்க!" என்று கோயம்புத்தூருக்கே கேட்கிற மாதிரிக் கத்திக்கொண்டிருந்தாள். வேலியைத் தாண்டி ஹைன்லைன் கிழவர் ஓடி வந்தார். பிள்ளையைத் தோளில் போட்டபடி ரோஹிணியும் வந்தாள்.

கிழவர் ஒருவரையும் கதவுக்குக் கிட்ட விடவில்லை. மண்வாரித் தடி ஒன்றின் நுனியில் மெழுகுதிரித் துண்டு ஒன்றைக் கட்டிக் கொளுத்தி, வெளியே நின்றபடியே உள்ளே நீட்டினார். மேலே பிடித்தபோது எரிந்தது. மெல்ல மெல்ல இறக்கினார். முழங்கால் உயரத்துக்கு வந்ததும் சுடர் பட்டென்று செத்தது. தண்ணீருக்குள் விட்ட மாதிரி.

கிழவர் சொன்னதைக் கேட்டு ரோஹிணியின் முகம் வெளுத்துவிட்டது. "Carbon dioxide அத்தை. அந்த ஜூஸ் புளிக்கிறப்போ வர்ற gas. காத்தை விட வெயிட், கீழேயே தங்கிடும். நின்னா ஒண்ணும் தெரியாது. உட்கார்ந்தா, படுத்தா…" குழாயைத் திரும்பிப் பார்த்தாள். "ஆனா vent வழியா வெளிய போயிருக்கணுமே. எப்படிப் போகாம இருந்துச்சு?"

கிழவர் கீழ்க் குழாய்க்குள் கையை விட்டு இழுத்தார். நீலப் பாவாடைத் துணி நீளமாக வந்தது.

எல்லாரும் அந்தத் துணியைப் பார்த்தார்கள். டொறத்தி துணியைப் பார்க்கவில்லை. ரோஹிணியின் தோளில், வாயில் விரலைப் போட்டுக்கொண்டு சூப்பியபடி இருந்த பிள்ளையைப் பார்த்தாள். நாளைக்கு இந்த நேரம் அவனைக் கூடையோடு நிலத்தில் வைத்திருப்பாள். கதவைச் சாத்தியிருப்பாள். அவள் நின்றுகொண்டு செபம் சொல்லிக்கொண்டிருப்பாள், அவளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. புல்லில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சத்தியெடுத்தாள்.

"நான்தான் அடைச்சனான்" என்றாள். "மெழுகுதிரி நூருதெண்டு."

அதற்கு மேல் அன்று ஒருவரும் கேட்கவில்லை. அம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த அன்று, மல்லிகா கஞ்சி கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, கதவைப் பார்த்துக்கொண்டே இடுப்பு மடிப்பிலிருந்து எதையோ எடுத்தாள். லூர்து மாதாப் போத்தல்.

"உங்க கையில இருந்துச்சுங்க. ரோஹிணி பாக்கறதுக்கு முன்னாடி எடுத்துட்டேன்."

டொறத்தி அதை வாங்கித் தலையணைக்குக் கீழே ஒளித்தாள்.

"எனக்கு ஒரு வாரமாவே சந்தேகமுங்க" என்றாள் மல்லிகா. "குழந்தையைக் கொண்டுபோய் அங்க ஏதோ பண்ணப் போறீங்கன்னு. நீங்க பாட்டிலோட உள்ள போனதை ஜன்னல்ல பாத்தேன். முதல்ல தொட்டிலுக்குத்தான் ஓடினேன். பையன் இருந்தான். அப்புறம்தான் உங்க ஞாபகமே வந்துச்சு." கஞ்சியைக் கொஞ்சம் கிட்டத் தள்ளி வைத்தாள். "குலதெய்வம் கோயில்ல மொட்டை போடலாம்னு நானும் கேட்டேனுங்க. முடியாதுன்னுட்டா. துளி விபூதி வச்சதுக்கு அன்னைக்குப் பூரா என்கூடப் பேசல. நான் அவகிட்ட எதுவும் சொல்லப் போறதில்லை."

ஏன் சொல்லப் போவதில்லை? இதை வைத்து இவள் என்ன கேட்கப் போகிறாள்? உயிரைக் காப்பாற்றியவளைப் பார்த்தும் டொறத்தியின் மனம் முதலில் கேட்டது இதைத்தான். அட கடவுளே என்று அவளுக்கே தன்னைப் பார்க்க அருவருப்பாக வந்தது. கஞ்சியைக் குடித்தாள். மல்லிகாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

தள்ளிப்போன டெர்மீன் அடுத்த செவ்வாய்க்கிழமை வந்தது. ரோஹிணி சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, பிள்ளையைத் தூக்கிவந்து டொறத்தியின் மடியில் வைத்தாள்.

"அத்தை, ஒரு மணி நேரம் பாத்துக்குவீங்களா? உங்ககிட்ட இருந்தா அவன் அழமாட்டான்."

பேசாமல் இருந்திருக்கலாம். மல்லிகா வாயைத் திறக்கமாட்டாள். போத்தலைக் குப்பையில் போட்டிருந்தால் கதை முடிந்தது. ஆனால் மடியில் இருந்த சூடு டொறத்தியைச் சும்மா இருக்க விடவில்லை. ஆரையும் நம்பாதவள் அவள். ரோஹிணியோ தன்னை நம்புகிறாள். அதை அவளால் தாங்கமுடியவில்லை.

"பிள்ளை, இரு" என்றாள். "நான் உனக்கு ஒண்டு சொல்லவேணும். அண்டைக்கு ஏன் அங்கை போனனான் எண்டு."

எல்லாவற்றையும் சொன்னாள். போத்தலை, கூடையை, செவ்வாய்க்கிழமையை. மல்லிகா குசினி வாசலில் கரண்டியோடு அப்படியே நின்றாள். சொல்லி முடிந்ததும் ரோஹிணி குனிந்து பிள்ளையைத் தூக்கினாள். அவனுக்குக் குளிர்ச்சட்டையைப் போட்டு, அதன் ஸிப்பைக் கழுத்துவரை இழுத்தாள். அது இரண்டுதரம் சிக்கியது.

"என்கிட்ட நீங்க திரும்பவும் கேட்டிருக்கலாம் அத்தை."

"கேட்டா மாட்டன் எண்டிருப்பாய்."

"ஆமா. மாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன்."

பிள்ளையையும் கொண்டு டொக்டரிடம் போனாள்.

கிறிஸ்ரியன் அன்று மாலை தாயோடு கதைக்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. குழாய்களுக்குக் கம்பிவலை போட்டான். பீப்பாயைக் கிழவரின் கொட்டிலுக்கு மாற்றினான். அந்தோனியாரைக் கொண்டுவந்து தாயின் அறை மேசையில் வைத்துவிட்டுப் போனான். மல்லிகா ஊருக்குப் புறப்படும்போது டொறத்தியைக் கட்டிப்பிடித்து, "கொஞ்ச நாள் ஆகுமுங்க" என்றாள்.

ரோஹிணி முன்னைப் போலவே தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள், சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். முகத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் டொறத்தி இருக்கிற அறையில் பிள்ளை தனியே இருந்ததில்லை. குளிக்கப் போனால் அவனைக் கிறிஸ்ரியனிடம் கொடுத்தாள், அவன் இல்லாவிட்டால் கூடையோடு குளியலறைக்கே கொண்டுபோனாள். டொறத்திக்கு இதையெல்லாம் ஒருவரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஒரு மனிசரைச் சந்தேகப்பட்டால் எப்படிச் சிரிப்பது, எப்படிச் சுகம் கேட்பது, எந்தக் கதவை எவ்வளவு திறந்து வைப்பது, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. பொல்லாதவள் என்று ரோஹிணியைக் கோபிக்கக்கூட அவளுக்கு நியாயம் கிடைக்கவில்லை.

பனி விழத் தொடங்கிய பிறகு, ஒருநாள் காலை ரோஹிணிக்குத் திடீரென்று வேலையிடத்திலிருந்து மீட்டிங் வந்தது. கிறிஸ்ரியன் வீட்டில் இல்லை. பிள்ளை அழுதுகொண்டிருந்தான். அவனைத் தூக்கிக்கொண்டு கூடத்தின் நடுவில் கொஞ்ச நேரம் நின்றாள் ரோஹிணி. பிறகு வந்து டொறத்தியின் கையில் கொடுத்தாள்.

"பக்கத்து ரூம்லதான் இருக்கேன் அத்தை."

"ஓம், நீ போ."

பிள்ளை இரண்டு தேம்பலோடு அடங்கிவிட்டான். ரோஹிணி அறைக்குள் போய்க் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தாள். கதவைச் சாத்தவில்லை. டொறத்தியின் கதிரை யன்னலைப் பார்த்தபடி இருந்தது. அங்கேயிருந்து ரோஹிணிக்கு அவளுடைய முதுகு மட்டும்தான் தெரியும். டொறத்தி எழும்பினாள். பிள்ளையை ஒரு தோளில் சாய்த்துக்கொண்டு, மற்றக் கையால் கதிரையை இழுத்து, அந்தத் திறந்த கதவுக்கு நேரே திருப்பிப் போட்டாள். அதில் உட்கார்ந்து, தன் இரண்டு கைகளும் ரோஹிணிக்குத் தெரியும்படி பிள்ளையைப் பிடித்துக்கொண்டாள்.